ஓட்டிக்கிட்டே கிளாஸ் கேக்க வைக்காதீங்க: டர்பன் லாரி, பஸ் முதலாளிகளுக்கும் டிரெயினிங் நடத்துறவங்களுக்கும் ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவுல டர்பன், ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த், வெருலம், டோங்காட், ஐசிபிங்கோ பக்கம் லாரியும் பஸ்ஸும் வச்சு தொழில் பண்ற முதலாளி அண்ணன்மாருக்கும், அவங்க டிரைவர்களுக்கு ஆன்லைன்ல நேரடி கிளாஸ் எடுக்குற டிரெயினிங் கம்பெனிக்காரங்களுக்கும் வணக்கம்.

நான் தூத்துக்குடியில பொறந்து, கல்யாணமாகி சாட்ஸ்வொர்த்துக்கு வந்தவ. சரக்கு லாரி கம்பெனிகள்ல டிரெயினிங் டெஸ்க் வேலைதான் பார்த்துக்கிட்டு வர்றேன், யாருக்கு எந்த கிளாஸ், எப்ப பெர்மிட் முடியுது, யார் மெடிக்கல் போகணும், இதெல்லாம் பார்க்குற வேலை. தமிழ்ல எழுதுறேன், படிக்க வராதவங்களுக்கு வீட்டுல இருக்குற பெரியவங்க யாராவது வாசிச்சு சொல்லுங்க, விஷயம் நம்ம வீட்டு ஆம்பளைங்க உயிர் சம்பந்தப்பட்டது.

சொல்ல வந்தது ஒண்ணுதான். ஆன்லைன் கிளாஸுக்கு தயாராகுற வேலை டிரைவரோடது இல்ல, முதல்ல உங்களோடது. நேரம், இடம், டேட்டா, போன், தூக்கம் இந்த அஞ்சையும் நீங்க ஏற்பாடு பண்ணாம ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்ல ஒரு லிங்க்கை தட்டிவிட்டு "காலைல 8 மணிக்கு கட்டாயம் ஜாயின் பண்ணு"ன்னு சொல்றது டிரெயினிங் ஆகாது, அது ஃபைல்ல வைக்கிறதுக்கு ஒரு காகிதம் வாங்குற வேலை, அவ்வளவுதான்.

ஆன்லைனே வேண்டாம்னு சொல்ல வரலை, அதை முதல்லயே சொல்லிடுறேன். கோவிட்ல எல்லா கிளாஸ் ரூமும் பூட்டினப்ப இதுதான் கை கொடுத்துச்சு. ரிச்சர்ட்ஸ் பே-ல இருக்குற ஒரு டிரைவர் ஒரு கிளாஸுக்காக டர்பன் வந்து போகணும்னா ஒரு நாள் கூலி போச்சு, பெட்ரோல் காசும் போச்சு. நேரடி ஆன்லைன்னா டீச்சர் எதிர்ல இருக்காரு, கேள்வி கேட்டா பதில் வருது, முன்னாடியே எடுத்து வச்ச வீடியோவ பார்க்குற மாதிரி இல்ல. சட்டம் மாறினது, வேலை நேரம், களைப்பு, சரக்கு பேப்பர், பிரேக் எப்படி வேலை செய்யுதுங்குறது, இதையெல்லாம் இப்படி நல்லாவே சொல்லிக் கொடுக்கலாம். ஆனா ஒழுங்கா நடத்தணும்.

பிரிட்டன்ல எப்படி பண்றாங்கன்னு பாருங்க. அங்க லாரி, பஸ் டிரைவர் தொழில் பண்ணணும்னா 5 வருஷத்துக்கு ஒருமுறை 35 மணி நேரம் கிளாஸ்ல உக்காரணும், அதுக்கு பேரு டிரைவர் சிபிசி, பஸ்காரங்களுக்கு 2008-லயும் லாரிக்காரங்களுக்கு 2009-லயும் வந்துச்சு. கடைசியில பரீட்சை கிடையாது, உக்காந்து கேட்ட நேரம்தான் கணக்கு. அதனாலதான் ஆன்லைன்ல நடத்தும்போது ஆள் யாருன்னு அடையாள அட்டைய பார்த்து சரிபார்க்குறது, முகம் கேமராவுல தெரியுதான்னு பார்க்குறது எல்லாம் அங்க முக்கியம், ஏன்னா பரீட்சை இல்லாத இடத்துல ஆள் நிஜமா இருந்தாரா, கேட்டாராங்குறது மட்டும்தான் சாட்சி. ஐரோப்பிய யூனியன் விதியில அந்த 35 மணி நேரத்துல 12 மணி நேரத்துக்கு மேல இ-லேர்னிங்ல முடிக்கக் கூடாதுன்னே எழுதி வச்சிருக்கு. அவ்வளவு வருஷம் யோசிச்சு வச்ச ஊர்லயே திரையில எல்லாத்தையும் முடிச்சுடலாம்னு விடலை.

நம்ம ஊர்ல நிலைமை வேற. பிஆர்டிபி, அதாவது தொழில்முறை டிரைவர் பெர்மிட், 24 மாசத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும், டாக்டர் சர்டிபிகேட் வேணும், குற்றப் பதிவு இருக்கான்னு பார்ப்பாங்க. சரக்குக்கு ஜி, ஆளுங்கள ஏத்துறதுக்கு பி, ஆபத்தான சரக்குக்கு டி. 18 வயசுல ஜி கிடைக்கும், 21-ல பி, டி-க்கு 25 வயசு ஆகணும், அதுக்கு மட்டும் தனியா டிரெயினிங் சர்டிபிகேட் கேப்பாங்க. மத்தபடி அங்க மாதிரி இத்தனை மணி நேரம் கிளாஸ்ல உக்காருன்னு ஜி-க்கும் பி-க்கும் கேக்குறது இல்ல. அப்ப இங்க நடக்குற கிளாஸ் பெரும்பாலும் யாருக்காக நடக்குது? சரக்கு கொடுக்குற பெரிய கஸ்டமர் கேக்குறாங்க, இன்சூரன்ஸ்காரங்க கேக்குறாங்க, ஆடிட் வருது, அதுக்காக. கட்டாயப்படுத்துற சட்டம் இல்லாத இடத்துல முதலாளியோட மனசு மட்டும்தான் இருக்கு, அதனாலதான் உங்களுக்கு எழுதுறேன், சர்க்காருக்கு எழுதலை.

இப்ப நான் கண்ணால பார்த்த விஷயத்துக்கு வர்றேன். பேஹெட் ரோட்ல கன்டெய்னர் டெர்மினலுக்கு போற லாரி வரிசை எப்படி நிக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அந்த வரிசையில டாஷ்போர்டு மேல போனை சாய்ச்சு வச்சு, ஒரு காதுல இயர்போன், திரையில டீச்சர் "சோர்வு மேலாண்மை" ஸ்லைடு காட்டிக்கிட்டு இருக்காரு, இவரு பத்து மீட்டர் நகர்த்துறாரு, நிறுத்துறாரு, மறுபடி நகர்த்துறாரு. டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிட்டா போனை கையில எடுத்து மியூட்டை எடுத்து "யெஸ் சார்" சொல்றாரு, அந்த நேரம் முன்னாடி ஒருத்தன் ரெண்டு லாரிக்கு நடுவுல ரோட்டை கிராஸ் பண்ணிக்கிட்டு போறான். இது நம்ம ஊர்ல தினசரி நடக்குது. இன்னும் மோசம், ஜோகன்னஸ்பர்க் போற என்3 நெடுஞ்சாலையில ஏறினப்புறமும் கிளாஸ் ஓடிக்கிட்டே இருக்கும், கேமராவ ஆஃப் பண்ணிட்டு சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டு போவாங்க, கடைசியில அட்டெண்டன்ஸ்ல பேர் இருக்கும், சர்டிபிகேட் வந்துடும்.

ரோட் டிராஃபிக் ரெகுலேஷன் 308ஏ என்ன சொல்லுது? ஓட்டும்போது போனை கையிலயோ உடம்புல வேற எந்த இடத்துலயோ பிடிச்சுக்கிட்டு பேசக் கூடாது, அவ்வளவு தெளிவா இருக்கு. பாதுகாப்பா ஓட்டுறது எப்படின்னு சொல்லித் தர்ற கிளாஸே டிரைவரை சட்டத்தை மீற வைக்குதுன்னா அந்த கிளாஸை நடத்தாம இருக்குறதே நல்லது. கையில பிடிக்காம ஸ்டாண்டுல வச்சா சட்டப்படி சரிதானேன்னு ஒரு மேனேஜர் என்கிட்ட வாதம் பண்ணாரு. 56 டன் சூப்பர்லிங்க், அதான் ரெண்டு டிரெய்லர் சேர்ந்த வண்டிய, இழுத்துக்கிட்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் டவுன் ஹில் மலை இறக்கத்துல இறங்குற ஆளு பாதி மனசை பாடத்துல வச்சுக்கிட்டு இறங்கலாமா? அவருக்கு நான் கேட்டது இதைத்தான், பதில் வரலை.

அதனால முதல் விஷயம், வண்டி நின்னிருக்கணும், சாவி டிரைவர் கையில இருக்கக் கூடாது, டிஸ்பாட்ச்ல இருந்து யாரும் அவரைக் கூப்பிடக் கூடாது. கிளாஸ் நேரத்துக்கு அவர் பேரை டிரிப் ஷீட்ல இருந்தே எடுத்துடுங்க. வரிசையில நிக்கிற நேரம் சும்மா போகுதே, அதுல கிளாஸை முடிச்சுடலாம்னு கணக்கு போடாதீங்க, வரிசையில நிக்கிறதும் வண்டி ஓட்டுற வேலைதான்.

அடுத்தது தூக்கம். ஜோகன்னஸ்பர்க்ல இருந்து சரக்கேத்தி ராத்திரி பூரா ஓட்டி, ஹாரிஸ்மித்ல ஒரு காபி, வான் ரீனன் பாஸ் மலைப்பாதை இறங்கி, மூய் ரிவர்ல ஒரு டோல், காலைல 6 மணிக்கு யார்டுக்குள்ள வண்டிய விடுற ஆளுக்கு 8 மணிக்கு கிளாஸ் போடுறாங்க. கிட்டத்தட்ட 570 கிலோமீட்டர், அதுவும் கனரக வண்டிக்கு 80-க்கு மேல போகக் கூடாத ரோடு. விடியக்காலம் 2 மணியில இருந்து 6 மணி வரைக்கும் உடம்பு தானா தூக்கத்துக்கு இழுக்குற நேரம், அந்த நேரம் பூரா கண்ணை முழிச்சு வச்சிருந்தவரு திரை முன்னாடி உக்காந்தா பத்து நிமிஷத்துல தலை தொங்கும். டீச்சர் அவர் பேரைச் சொல்லி எழுப்புறாரு, மத்தவங்க சிரிக்கிறாங்க. அவர் மேல என்ன தப்பு இருக்கு? கிளாஸ் போட்டவங்க டிரிப் ஷீட்டை பார்க்கலை. இதுல பெரிய கொடுமை, கிளாஸ் 3 மணிக்கு முடிஞ்சதும் அன்னைக்கு ராத்திரி மறுபடி அவரையே லோடுக்கு அனுப்புறாங்க, ஏன்னா டிரெயினிங் நாள் லீவு நாள்னு கணக்காம். தூங்க வேண்டிய பகலை கிளாஸுக்கு எடுத்துக்கிட்டா அந்த ராத்திரி அவர் ஓட்டக் கூடாது, இதுல ரெண்டாவது பேச்சே வேண்டாம். கிளாஸ் நேரம் வேலை நேரம். அதுக்கு சம்பளம் கொடுங்க, அதுக்கு முன்னாடி முழு ராத்திரி தூக்கம் கொடுங்க.

டேட்டா விஷயத்துல நம்ம ஆளுங்க நிறைய பேர் கணக்கே போட்டுப் பார்த்தது இல்லைன்னு நினைக்கிறேன், அதனால போட்டுக் காட்டுறேன். படம் தெளிவா வர்ற மாதிரி வீடியோ கிளாஸ் பார்த்தா மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி போகும். பிரேக்கை கழிச்சு 6 மணி நேரம்னா 6 ஜிபி. 2020 ஏப்ரல்ல, காம்படிஷன் கமிஷன் அழுத்தம் கொடுத்ததுக்கு அப்புறம்தான் வோடகாம் 30 நாள் 1 ஜிபியோட விலைய 149 ராண்டுல இருந்து 99-க்கு இறக்குச்சு. அதுக்கப்புறம் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கு, பெரிய பண்டலா வாங்கினா இன்னும் மலிவுதான், ஆனா டிரைவருங்க பெரும்பாலும் பெரிய பண்டல் வாங்குறது இல்ல, கையில இருக்குற காசுக்கு சின்ன சின்னதா ஏர்டைம் போடுறவங்க. அப்ப ஒரு நாள் கிளாஸுக்கு அவர் பாக்கெட்ல இருந்து நூத்துக்கணக்குல ராண்ட் போகுது, அது வீட்டுல ஒரு வாரத்துக்கு அரிசி, எண்ணெய், மாவு வாங்குற காசு. அதனாலதான் கேமராவ ஆஃப் பண்றாங்க, பாதியில காணாம போறாங்க. அக்கறை இல்லாம போறாங்கன்னு நீங்க நினைக்கிறீங்க, டேட்டா தீர்ந்து போயிருக்கும்.

காசு எங்கன்னு கேப்பீங்க. வருஷத்துக்கு 5 லட்சம் ராண்டுக்கு மேல சம்பளம் கொடுக்குற எந்த கம்பெனியும் சம்பளத்துல 1 சதவீதம் ஸ்கில்ஸ் லெவி கட்டித்தானே ஆகணும், நீங்க மாசாமாசம் கட்டுறீங்க. ஒர்க்ப்ளேஸ் ஸ்கில்ஸ் பிளானும் டிரெயினிங் ரிப்போர்ட்டும் ஏப்ரல் 30-க்குள்ள டீட்டாகிட்ட (போக்குவரத்துத் துறை டிரெயினிங்கை பார்த்துக்கிற அமைப்பு) ஒழுங்கா கொடுத்தா கட்டினதுல 20 சதவீதம் திரும்ப வரும். நம்ம ஆளுங்க சின்ன கம்பெனிக்காரங்க நிறைய பேர் லெவிய வரி மாதிரி நினைச்சு கட்டிட்டு அப்படியே விட்டுடுறாங்க, படிவம் நிரப்ப ஆள் இல்லைன்னு சொல்றாங்க. அந்த காசை வாங்கி டேட்டாவுக்கும் நாலு டேப்லெட்டுக்கும் ஒரு நல்ல ஸ்பீக்கருக்கும் போடுங்களேன். உங்க காசுதானே அது.

இப்ப முந்தின நாள் டெஸ்ட் பத்தி. இதைத்தான் நான் ரொம்ப கேட்டுக்கிறேன், ஏன்னா இதுக்கு செலவே இல்ல. கிளாஸுக்கு முந்தின நாள் இருபது நிமிஷம் ஒவ்வொரு டிரைவரையும் அதே போன்ல, அதே இடத்துல, அதே லிங்க்ல ஏத்திப் பாருங்க. ஆப் இறங்கியிருக்கா, பழைய வெர்ஷனா, மைக்குக்கு பெர்மிஷன் கொடுத்திருக்கா, பேர் சரியா வருதா. பேர் ரொம்ப முக்கியம், போன் மகளோடதா இருக்கும், திரையில மகள் பேர் வரும், அட்டெண்டன்ஸ்ல டிரைவர் பேர் இருக்காது, அப்புறம் சர்டிபிகேட் வராம மாசக்கணக்குல மெயில் அனுப்பிக்கிட்டு இருக்கணும். லைசன்ஸ்ல இருக்குற மாதிரியே பேர் போடச் சொல்லுங்க, இனிஷியல் முன்னாடியா பின்னாடியாங்குறது வரைக்கும். போனை கையில பிடிச்சுக்கிட்டு ஆறு மணி நேரம் உக்கார முடியாது, சாய்ச்சு வைக்க ஒரு ஸ்டாண்ட் வேணும், சார்ஜர் பக்கத்துல வேணும், முகத்துல வெளிச்சம் விழணும், பின்னாடி ஜன்னல் இருந்தா முகம் கருப்பாத்தான் தெரியும். கண்ணாடி போடுறவங்க கண்ணாடிய எடுத்துட்டு வரணும். சின்ன போன் திரையில ஸ்லைடுல இருக்குற எழுத்து ஐம்பது வயசு கண்ணுக்கு தெரியாதுங்க, பேப்பர்ல பிரிண்ட் எடுத்து முன்னாடியே கொடுத்துடுங்க.

ஒரு பெரியவரைப் பத்தி சொல்லணும், பேர் வேண்டாம். வார்விக் ஸ்டாண்டுல நம்ம ஆளுங்க பஸ் வரிசையா நின்ன காலத்துல கண்டக்டரா ஏறி, டிரைவராகி, இப்ப சரக்கு வண்டி ஓட்டுறாரு. மலை இறக்கத்துல எந்த கியர், எங்க ரோடு பனியில வழுக்கும், எந்த வளைவுல மாடு வரும், எல்லாம் அவருக்கு உடம்புல இருக்கு. அவர் கிளாஸ்ல மியூட்டை எடுக்கத் தெரியாம தடுமாறினப்ப டீச்சர் பையன் "அங்கிள், இது கூட தெரியாம எப்படி லாரி ஓட்டுறீங்க"ன்னு எல்லாரும் கேக்குற மாதிரி சொல்லிட்டான். அவர் அன்னைக்கு முழுக்க வாயே திறக்கலை. அவர் வாயைத் திறந்திருந்தா அந்த கிளாஸ்ல இருந்த இளவட்டம் அத்தனைக்கும் எவ்வளவு கிடைச்சிருக்கும்! போன்ல ஒரு பட்டனைத் தேடத் தெரியாதது ஒரு குறையே இல்ல, முந்தின நாள் யாராவது பக்கத்துல உக்காந்து "அப்பா, இங்க தொடுங்க"ன்னு ரெண்டு தடவை காட்டினா முடிஞ்சுது. டிரெயினிங் எடுக்குறவங்களே, வயசான டிரைவரை பேர் சொல்லி அதட்டாதீங்க. அவர் பேரனை தோள்ல தூக்கிக்கிட்டு காவடிக்கு போற மனுஷன்.

வீட்டுல உக்காந்து கேக்கலாமேன்னு சொல்வீங்க. சாட்ஸ்வொர்த் வீடுகள் எப்படின்னு தெரியும்ல, ரெண்டு ரூம்ல மூணு தலைமுறை, பக்கத்து வீட்டு டிவி நம்ம வீட்டுல கேக்கும், குழந்தை அழும், பிரஷர் குக்கர் கூவும். ஆறு மணி நேரம் எல்லாரையும் வெளிய போங்கன்னு சொல்ல முடியுமா. கரண்ட் கதை வேற. 2023-ல லோட்ஷெட்டிங் நம்மளை எப்படி ஆட்டிப் படைச்சுதுன்னு மறந்திருக்க மாட்டீங்க, ரெண்டு ரெண்டரை மணி நேரம் ஒரே அடியா போகும், பக்கத்து டவர் பேட்டரி தீர்ந்தா நெட்டும் போகும். 2024-க்கு அப்புறம் ரொம்ப நல்லா ஆயிடுச்சு, ஆனாலும் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் வெடிப்பு, மழைன்னு ஏரியாவுக்கு ஏரியா போய்க்கிட்டுதான் இருக்கு. அதனால இடத்தை நீங்க ஏற்பாடு பண்ணுங்க. டிப்போவுல ஒரு ரூம் இருந்தா போதும், சின்ன யூபிஎஸ் ஒண்ணு ரவுட்டருக்கு. ரூம் இல்லாத சின்ன கம்பெனிக்காரங்களுக்கு எனக்குத் தோணுற யோசனை, நம்ம கோயில் ஹால்கள். வார நாள்ல காலைல பெரும்பாலும் காலியாத்தான் கிடக்கு, நாற்காலி இருக்கு, கழிப்பறை இருக்கு, நிறைய இடத்துல ஜெனரேட்டரும் இருக்கு. மூணு நாலு கம்பெனி சேர்ந்து ஒரு ஹாலைக் கேட்டு, ஒரு பெரிய திரை, ஒரு லைன், பத்து டிரைவர்கள். தனித்தனியா பத்து போன்ல டேட்டா எரிக்க வேண்டாம். டீ, சாப்பாடு பெண்கள் சங்கம் செஞ்சு கொடுத்தா அவங்களுக்கும் ஒரு வருமானம். டிரைவருங்க பிரேக்ல ஒருத்தருக்கொருத்தர் பேசிக்குவாங்க, பாதி பாடம் அங்கதான் நடக்கும்.

டாக்குமெண்ட் விஷயம் சுருக்கமா சொல்றேன். ஐடி புக், லைசன்ஸ், பிஆர்டிபி, மெடிக்கல் இதையெல்லாம் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடச் சொல்லாதீங்க. குரூப்ல இருக்குற அறுபது பேர் போன்லயும் ஒருத்தரோட ஐடி நம்பரும் அவரோட சுகர், பிரஷர் விவரமும் போய் உக்காந்துடுது. போப்பியா, அதாவது தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம், 2021 ஜூலை 1-ல இருந்து முழுசா அமல்ல இருக்கு, இது நேரா அதுல மாட்டும். ஒரு ஆள், ஒரு மெயில் ஐடி, தனியா வாங்குங்க, வேலை முடிஞ்சதும் அழிச்சுடுங்க.

இனி டிரெயினிங் கம்பெனிக்காரங்களே, உங்களுக்கு. ஒரே கிளாஸ்ல எழுபது பேரை ஏத்துறது எதுக்கு? எழுபது சின்ன சதுரத்துல யார் தூங்குறாங்க, யார் ஓட்டுறாங்கன்னு எந்த டீச்சருக்கும் தெரியாது. பின்னாடி மரம் ஓடுறது திரையில தெரியுது, அப்பவும் கிளாஸை நிறுத்தாம போறீங்க. வண்டி நகர்றது தெரிஞ்ச நிமிஷமே அவரை கிளாஸ்ல இருந்து வெளிய எடுத்து, "வண்டிய நிறுத்திட்டு இன்னொரு நாள் வாங்க, காசு கேக்க மாட்டோம்"னு சொல்லி முதலாளிக்கு போன் போடுங்க. இதை உங்க ஒப்பந்தத்துலயே எழுதுங்க. பதினஞ்சு இருபது பேருக்கு மேல வேண்டாம். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு பிரேக் கொடுங்க. பாதிக்கு மேல டிரைவருங்க வீட்டுல இசிஜூலு (ஜூலு மொழி) பேசுறவங்க, இங்கிலீஷ்ல ஸ்லைடை அப்படியே வாசிச்சுட்டு போனா அவங்களுக்கு ஒண்ணும் ஏறாது, இசிஜூலு தெரிஞ்ச ஒருத்தரை கூட வச்சுக்கோங்க.

பாடத்துல நம்ம ரோடு இருக்கணும். ஆட்டோபானும் ஆல்ப்ஸ் மலையும் காட்டுற ஸ்லைடு எதுக்கு, நமக்கு ஃபீல்ட்ஸ் ஹில் இல்லையா? 2013 செப்டம்பர் 5, பைன்டவுன்ல அந்த இறக்கத்துல வந்த லாரி நிக்காம சிவப்பு சிக்னலைத் தாண்டி மினிபஸ் டாக்ஸிகள் மேல ஏறி 24 பேர் போயிட்டாங்க. அந்த வீடியோவ பார்க்காதவங்க இங்க யாரும் இல்ல. அதை வச்சு பிரேக் ஏன் சூடாகுது, இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா டிரம் சூடாகி பிடிமானம் ஏன் போகுது, மேல இருந்தே ஏன் சின்ன கியர்ல இறங்கணும், இறங்குறதுக்கு முன்னாடி நிறுத்தி எதை எதை பார்க்கணும்னு சொல்லுங்க, ஒரு டிரைவர் கூட தூங்க மாட்டாரு. வான் ரீனன் பாஸ் கடல் மட்டத்துல இருந்து 1,600 மீட்டருக்கு மேல, குளிர்காலத்துல பனி விழுந்தா ரோட்டையே மூடுறாங்க, அங்க மாட்டிக்கிட்டா என்ன பண்ணணும்னு கேளுங்க, அவங்களே பத்து பதில் சொல்வாங்க. டி பெர்மிட் கிளாஸ்னா 2022 டிசம்பர் 24 பாக்ஸ்பர்க் விபத்தை எடுங்க, ஜோகன்னஸ்பர்க் பக்கத்து ஊர். எல்பிஜி டேங்கர் தாழ்வான பாலத்துக்கு அடியில சிக்கி, கேஸ் கசிஞ்சு வெடிச்சு, பக்கத்துல இருந்த டாம்போ மெமோரியல் ஆஸ்பத்திரி நர்ஸுங்க உட்பட 41 பேர் போயிட்டாங்க. சரக்கு வண்டிக்கு சட்டப்படி உயரம் 4.3 மீட்டர் வரை, ஆனா உங்க வண்டி உயரம் எவ்வளவுன்னு கேட்டா அந்த நிமிஷமே சொல்லத் தெரியாத டிரைவருங்க உண்டு, சொல்லிக் கொடுக்காத முதலாளிகளும் உண்டு. நாளைக்கு போற ரூட்ல பாலம் எங்கெல்லாம் இருக்கு, எவ்வளவு உயரம், எந்த ஊருக்குள்ள நுழையக் கூடாதுன்னு மேப்பை திரையில போட்டு எல்லாரும் சேர்ந்து பார்க்குறதுக்கு ஆன்லைன் கிளாஸ் மாதிரி வசதி வேற இல்ல. அதை விட்டுட்டு சட்டப் புத்தகத்தை வாசிச்சுக்கிட்டு இருக்காதீங்க.

திரையில சொல்லிக் கொடுக்க முடியாதது எதுன்னு நீங்களே வெளிப்படையா சொல்லணும். டிரெய்லர் கோக்குறது, ஃபிஃப்த் வீல் பின் பூட்டியிருக்கான்னு கையை விட்டுப் பார்க்குறது, ரிவர்ஸ் எடுக்குறது, சரக்கை பட்டை போட்டு இறுக்குறது, தீயணைப்பான் பிடிக்கிறது, இதுக்கெல்லாம் யார்டு வேணும், வண்டி வேணும், பக்கத்துல ஆள் நிக்கணும். ஆன்லைன் சர்டிபிகேட்ல இதையும் சேர்த்து எழுதிக் கொடுக்குற ஆளுங்க இருக்காங்க, அதை வாங்கி ஃபைல்ல வைக்கிற முதலாளியும் இருக்காரு. நாளைக்கு ஒரு விபத்துன்னா அந்த காகிதம் கோர்ட்ல டிரைவர் கழுத்துலதான் கயிறா விழும், "உனக்குத்தான் கத்துக் கொடுத்தாச்சே"ன்னு.

தேதி போடும்போது காலண்டரை கொஞ்சம் பாருங்க. தைப்பூசக் காவடி, ஐசிபிங்கோ மாரியம்மன் கோயில்ல ஈஸ்டர் சமயத்துல நடக்குற திருவிழா, ஆடி மாசக் கூழ், தீபாவளி (நமக்கு இங்க அரசு விடுமுறையும் கிடையாது), இந்த நாள்ல கிளாஸ் போட்டா டிரைவர் எங்க மனசோட இருப்பாருன்னு உங்களுக்கே தெரியும். டிசம்பர்ல லோடு உச்சத்துல இருக்கும்போது போடவே வேண்டாம், ஈஸ்டர் டிராஃபிக்குக்கு முன்னாடி பிப்ரவரி கடைசி, மார்ச்ல போட்டா படிச்சது உடனே உதவும்.

டிரைவர் அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை. வண்டி ஓடும்போது கிளாஸ்ல இருக்கச் சொன்னா முடியாதுன்னு சொல்லுங்க, வாய்ல சொல்ல பயமா இருந்தா மெசேஜா எழுதிப் போடுங்க, அது உங்க கையில ஆதாரமா இருக்கும். கிளாஸ்ல உக்காந்தா வாயைத் திறந்து கேளுங்க, உங்களுக்குத் தெரிஞ்சதை சொல்லுங்க. முந்தின நாள் ராத்திரி மேட்ச் பார்க்காம படுங்க. பக்கத்துல ஒரு நோட்டும் பேனாவும் வச்சுக்கோங்க, போன்ல பார்த்தது நிக்காது, கையால எழுதினது கொஞ்சமாவது நிக்கும்.

முதலாளிகளே, அடுத்த கிளாஸுக்கு லிங்க் அனுப்புறதுக்கு முன்னாடி எனக்கு ஒரே ஒரு பதில் வேணும். உங்க கம்பெனியில இதுக்கு பொறுப்பான ஆள் யாரு, அந்த ஆள் டிரிப் ஷீட்ல கை வச்சு "இவர் இன்னைக்கு ராத்திரி ஓட்ட வேண்டாம், நாளைக்கு கிளாஸ்"னு சொன்னா டிஸ்பாட்ச்ல கேப்பாங்களா? கேப்பாங்கன்னா மத்ததெல்லாம் நாங்க டெஸ்க்ல இருக்குறவங்க பார்த்துக்குவோம், டெஸ்ட் கால், பேர், டேட்டா, பிரிண்ட் எல்லாம். கோயில் ஹால் விஷயமா ரெண்டு கமிட்டியில பேச்சு ஆரம்பிச்சாச்சு, வார நாள் காலைல தர்றதுக்கு மறுப்பு இல்லைன்னு சொல்லியிருக்காங்க, எத்தனை டிரைவர், எந்த வாரம்னு நீங்க சொன்னா மார்ச்ல முதல் கிளாஸை அங்கயே வச்சுடலாம்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்ல இருந்து ஒரு டிரெயினிங் டெஸ்க்காரி